தேதித் தாள்களை வெட்டியவன்

எங்கள் நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்பக்கத்திலும் ஒரு நீளமான தாள் ஒட்டியிருக்கும். தாளின் தலையில் புத்தகத்தின் சேர்க்கை எண், அதற்குக் கீழே மூன்று வரிசைக் கட்டங்கள். மேல்விளிம்பில் மட்டும்தான் பசை. மற்றப் பகுதி நாக்கு மாதிரித் தொங்கும். புத்தகம் வெளியே போகும்போது, அது திரும்பிவர வேண்டிய தேதியை ஒரு கட்டத்தில் முத்திரையாகக் குத்துவோம். தேதித் தாள் என்று அதற்குப் பெயர். இருபத்தாறு வருடம் என்ன வேலை பார்த்தாய் என்று யாராவது கேட்டால், இன்றைய தேதியோடு பதினைந்தைக் கூட்டி முத்திரை குத்தினேன் என்பதுதான் சரியான பதில்.

கோவில்பட்டியில் வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்திய நூலகம் அது. ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடும் தூரம். பதினொரு மர பீரோ, இரண்டு நீள மேசை, வடக்கே ஒரு சன்னல். ஊரில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'லைப்ரரி சார்'தான். பள்ளிக்கூட நாளிலிருந்து டைரி எழுதுகிறவன் நான். எந்த நாளில் முதல் மழை பெய்தது, எந்த ரயில் எத்தனை மணி நேரம் தாமதம், எந்தக் கடைக்குப் புதுப் பலகை மாட்டினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இங்கே ஆண்டுகளை எழுதவில்லை; எழுதினால் ஊர்க்காரர்கள் ஆட்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மாதமும் கிழமையும் போதும்.

ஆவணி மாதம் இரண்டாவது திங்கள்கிழமை, நிர்வாகக் குழுவின் செயலாளர் வந்தார். தீப்பெட்டி ஆலை நடத்துகிறவர், ஊருக்கே அண்ணாச்சி. உட்காரவில்லை, நின்றபடியே பேசினார்.

"லைப்ரரி சார், புத்தகத்தப் பூராம் போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறோம். பொறவு இந்த ஹால்ல கோச்சிங் சென்டர் வருது. கவர்மெண்டு பரிச்ச எழுதுற புள்ளைக எம்புட்டு பேரு ஒக்கார எடமில்லாம அலையுது, ஒங்களுக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். கடைசி சில வருடங்களாக அந்த இரண்டு மேசையிலும் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்தான். பீரோவைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. தாங்கள் கொண்டுவந்த புத்தகத்தைப் படித்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள்.

"அப்ப நான் அண்ணாச்சி?"

"நீங்க மெஷின்ல ஒக்காருங்க. அது முடிஞ்சதும் சென்டர்ல வருகைப் பதிவு பாத்துக்கிடுங்க. வேல எங்கயும் போவாது, பயப்படாதீய."

ஐம்பத்து நான்கு வயதில் நான் ஸ்கேனர் ஓட்டக் கற்றுக்கொண்டேன். மேலே ஒரு கேமரா, இரண்டு பக்கமும் விளக்கு, விரித்த புத்தகத்தின் மேல் அமுக்குகிற ஒரு கண்ணாடி. காலால் ஒரு மிதி மிதித்தால் இரண்டு பக்கம் படமாகிவிடும். என்னோடு வேலை பார்த்த அம்மாள் என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தீப்பெட்டி ஆலையில் லேபிள் பிரிவில் இருந்தவர். லேபிள் ஒட்ட மெஷின் வந்த பிறகு எங்களிடம் தூசி தட்டும் வேலைக்கு வந்து, கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை கட்டக் கற்று, பிறகு மேசைக்கு வந்தவர். மெஷின் வந்து வேலை மாறுவது அவருக்கு இது இரண்டாம் முறை. அதனால் பதற்றமே இல்லை.

"எச்சி தொட்டுப் புரட்டாதீங்க சார், கண்ணாடியில ஒட்டுது."

"பழக்கம்மா."

"லேபிள் செக்சன்ல எச்சி தொட்டா மேஸ்திரி எல்லார் முன்னாலயும் கேப்பாரு, 'ஏட்டி, காலையில சாப்பிடாம வந்துட்டியா, லேபிளத் திங்கியே'ன்னு. அந்த மானக்கேட்டுலயே வெரலு பழகிரும்."

அவர் விரல் நுனியால் தாளின் ஓரத்தைத் தட்டுவார். ஒரு தாள் மட்டும் எழும். இரண்டு தாள் சேர்ந்து வந்து நான் பார்த்ததில்லை. நான் மிதிக்க, அவர் புரட்ட, ஒரு நாளைக்கு இருபது புத்தகம் முடிந்தது. பதிப்புரிமை முடிந்த பழைய நூல்கள் இணையத்துக்குப் போகும்; மற்றவற்றை எங்கள் கணினியில் மட்டும் உட்கார்ந்து பார்க்கலாம், வெளியே அனுப்பக் கூடாது என்று நானே ஒரு விதி எழுதி அண்ணாச்சியிடம் கையெழுத்து வாங்கினேன்.

தொல்லை கொடுத்தது தேதித் தாள்தான். கடைசிப் பக்கத்தைப் படமெடுக்கும்போது கண்ணாடிக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். பக்கத்தின் மேல் நிழல் விழும். மெஷின் பொருத்த வந்தவர், "அதெல்லாம் கிழிச்சுப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. பிளேடு வைத்து, பசை ஒட்டிய தலைப்பகுதிக்குக் கீழே நேராக வெட்டினேன். எண் உள்ள தலை புத்தகத்திலேயே நின்றது. தேதிகள் உள்ள உடல் என் கைக்கு வந்தது.

இங்கேதான் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். நிழல் விழுந்தது காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் ஒவ்வொரு தாளையும் அதனதன் புத்தகத்துக்குள் செருகி வைத்திருப்பேன். எனக்கு அந்தத் தேதிகள் வேண்டியிருந்தன. இந்த ஊர் எந்தெந்த நாளில் படித்தது என்று ஒரு வரலாறு எழுத எனக்கு வெகுநாளாக ஆசை. வெட்டிய தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய், தாளில் உள்ள கடைசித் தேதியை வைத்து மாத வாரியாகப் பிரித்து, வருடம் வருடமாக நூல் போட்டுக் கட்டி, நான்கு அட்டைப்பெட்டிகளில் அடுக்கினேன். இத்தனை நிறைவாக நான் எதையும் செய்ததில்லை.

தாள்களைப் பார்த்தால், புரட்டாசி பிறந்ததும் முத்திரைகள் குறைந்துபோயின, கரிசலில் விதைப்பு. கார்த்திகை மழையில் கூடின. குச்சி காயாமல் தீப்பெட்டி ஆலைகளில் வேலை இராது, பெண்கள் நூலகத்துக்கு வருவார்கள். தீபாவளிக்கு முந்தின மாதம் ஏறக்குறைய வெறுமை. மிளகாய்ப் பழம் பறிக்கிற பங்குனியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. சித்திரையில் மொத்தமாக வந்தார்கள். அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், மேசைக்கு முன் வரிசை நிற்பதும், சாயங்காலம் ஐந்து மணி ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று யாரோ பின்னாலிருந்து அவசரப்படுத்துவதும், வெயிலோடு வந்தவர்களின் புழுதி வாசனையும் திரும்பி வரும். ஊரே இங்கேதான் இருந்தது. நான் ஏன் அப்போது ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று ஏக்கமாக இருக்கும். பார்த்ததெல்லாம் முத்திரையின் நாள் சரியாகத் திரும்பியிருக்கிறதா என்று மட்டும்தான்.

கார்த்திகை மூன்றாவது புதன்கிழமை. பத்து பீரோ முடிந்திருந்தது. அண்ணாச்சி ஒரு தச்சு ஆசாரியோடு வந்தார். ஆசாரி ஹாலை அளந்தார். தடுப்பு எங்கே வரும் என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஹாலின் பெரும்பகுதி. இந்தப் பக்கம் இரண்டு பீரோவும் ஒரு மேசையும் நிற்கலாம்.

"மத்த பீரோ?" என்று கேட்டேன்.

"எல்லாந்தான் கம்ப்யூட்டர்ல ஏறிட்டுல்லா. எடைக்குப் போட்டுருவோம். படிக்கிற புத்தகத்த மட்டும் ரெண்டு பீரோவுல வைங்க. படிக்காதது ஏன் எடத்த அடைச்சிக்கிட்டு? பின்னட்டையில சீலு குத்தியிருப்பீயள்லா, சீலு நெறைய உள்ளதா எடுத்து அடுக்கிருங்க. மார்கழி பொறக்கவும் லாரி வருது. அதுக்குள்ள முடிஞ்சிருமா?"

"முடிஞ்சிரும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் படியிறங்கிப் போனதும் அந்த அம்மாள் பக்கத்து பீரோவிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திறந்து என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"எல்லாம் மொட்டத் தலையால்லா நிக்குது. எதப் பாத்து எடுக்கப் போறீங்க?"

எங்களிடம் வேறு பதிவு கிடையாது. புத்தகத்துக்கு ஈடாக வாங்கி வைக்கும் வாசகரின் அட்டை, புத்தகம் திரும்பியதும் அவர் கைக்கே போய்விடும்; எந்தப் புத்தகம் எத்தனை முறை வெளியே போனது என்பதற்குத் தேதித் தாள் ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியைத்தான் நான் வெட்டி, எண்ணிலிருந்து பிரித்து, தேதி வாரியாகக் கலைத்துக் கட்டியிருந்தேன். எண் வாரியாக அடுக்கியிருந்தாலும் பிழைத்திருக்கலாம். தேதி பார்த்தே வாழ்ந்தவனுக்குத்தான் இப்படி ஒரு தப்புச் செய்ய வரும். இப்போது படித்த புத்தகமும் படிக்காத புத்தகமும் ஒரே மாதிரி நின்றன. லாரிக்கு எது, இங்கே எது என்று என்னால் சொல்ல முடியாது. இத்தனை வருடம் இந்த ஊர் தேடி எடுத்துப் படித்தவை எல்லாம் என் கையாலேயே எடைக்குப் போகப் பார்த்தன.

"பழசாப் போனது படிச்சதா இருக்கும்" என்றேன்.

"பழசாப் போனதுக்கெல்லாம் நான் அட்ட கட்டிட்டேனே சார். ரொம்பப் படிச்சதுதான் இப்ப புதுசா நிக்கி. பழசா நிக்கிறதுல பாதி கூர ஒழுகி நனைஞ்சது."

"எனக்கு ஞாபகம் இருக்கும்மா. நான் குத்தின முத்திரைதானே."

அவர் ஒரு நீலக் காலிகோத் துணிக் கட்டுப் புத்தகத்தை நீட்டினார். "இது?"

யோசித்தேன். "இது வெளிய போனதே இல்ல."

"இதுக்கு ரெண்டு தரம் அட்ட கட்டிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார். "ஒங்களுக்குத் தேதிதான் ஞாபகம் சார். புத்தகம் இல்ல."

மறுநாள் நான்கு பெட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வெட்டிய தாளின் மேல்விளிம்பையும் புத்தகத்தில் நின்ற தலைப்பகுதியின் கீழ்விளிம்பையும் பொருத்திப் பார்த்தோம். பிளேடு சற்று வளைந்து போன இடங்களில் பொருந்தியது. பெரும்பாலும் நான் அளவுகோல் வைத்து வெட்டியிருந்தேன். எல்லா விளிம்பும் எல்லாத் தலைக்கும் பொருந்தின. மூன்று நாளில் முப்பது புத்தகம்கூடத் தேறவில்லை. சனிக்கிழமை மதியம் அந்த அம்மாள் தாள்களைக் கீழே வைத்துவிட்டார்.

"படிச்சவங்ககிட்டயே கேப்போம் சார்."

"யாருகிட்ட? எங்கன இருக்காகன்னு யாருக்குத் தெரியும்?"

"உறுப்பினர் நோட்டுல போன் நம்பர் இருக்குல்லா. வாட்ஸ்அப்ல போட்டா யாரு இருக்காவளோ அவிய பேசுவாவ."

நான் ஒரு கடிதம் எழுதினேன். 'அன்புடைய வாசகப் பெருமக்களுக்கு' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். அவர் முதல் வரியோடு நிறுத்திவிட்டு, போனை வாய்க்கு அருகே வைத்துக்கொண்டு பேசினார்:

"எல்லாருக்கும் வணக்கம். லைப்ரரியில இருந்து பேசுதேன். இனிமே ரெண்டு பீரோதான் இருக்கும், மத்தத எடைக்குப் போடப் போறாவ. ஒங்களுக்கு எந்தப் புத்தகம் இங்கன இருக்கணும்னு சொல்லுங்க. பேரு மறந்துட்டா கதையச் சொல்லுங்க, நாங்க கண்டுபிடிக்கோம். தேதித் தாளையெல்லாம் சார் வெட்டிட்டாரு, அதான் கேக்கோம்."

"கடைசி வரி வேண்டாம்" என்றேன்.

"அது போயிருச்சு சார்."

முதல் பதில் திருப்பூரிலிருந்து வந்தது. பின்னால் மெஷின் இரைச்சல். "சார், நீங்களா வெட்டுனீங்க? ஒரு நா லேட்டுக்கு என்னைய வாசல்ல நிக்க வச்சு கேள்வி கேட்டீங்களே, மறந்துட்டீங்களா? சரி விடுங்க. மோட்டார் சுத்துறது எப்படின்னு ஒரு பச்ச அட்ட புத்தகம். அத வச்சுத்தான் இங்க பொழைக்கேன். அது அங்கன இருக்கட்டும். இப்ப எனக்கு வேண்டாம், எல்லாம் மனப்பாடம். ஆனா இருக்கட்டும்."

கடலை மிட்டாய்க் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி, "அந்த மூணு பாகத்துக் கதையில ரெண்டாம் பாகம் மட்டும் வைங்க. மொத பாகத்துல அவ அழுதுக்கிட்டே இருப்பா, மூணாம் பாகத்துல எல்லாரும் அழுவாவ" என்றார். மூன்றையும் வைத்தோம்.

மணியாச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் பெயரும் சொல்லவில்லை, கதையும் சொல்லவில்லை. "வடக்குச் சன்னல் பக்கத்து பீரோ, மூணாம் தட்டு, எடது ஓரம். போயி கைய வையுங்க, அதான்." போய்ப் பார்த்தால் அங்கே இரண்டு மூன்று புத்தகம். திரும்பக் கேட்டோம். "கப்பல் போற கதை. நான் ஆயுசு பூராம் தண்டவாளத்துல வண்டிய மாத்திவிட்டவன். போட்ட எரும்ப விட்டு ஒரு அடி வெலகாது அது. கப்பலுக்கு அப்படியா? எந்தப் பக்கம் வேணும்னாலும் போவும்லா." கப்பலை எடுத்து வைத்தோம்.

வராத பதில்களும் இருந்தன. வாட்ஸ்அப் இல்லாத எண்களை நான் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரே குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. சில எண்களில் ஆண்கள் எடுத்தார்கள். பெண்கள் பலர் புருஷன் எண்ணையோ அண்ணன் எண்ணையோ கொடுத்திருந்தார்கள். "அவளா? அவ எங்க புத்தகம் படிச்சா?" என்று ஒருவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். நோட்டில் அந்தப் பெண்மணியின் உறுப்பினர் எண்ணுக்கு எதிரே ஒன்பது வருடச் சந்தாக் குறிப்பு இருந்தது. நான் போனை வைத்தேன்.

அடுத்த புதன்கிழமை பதினொரு மணிக்கு, புதூர்ப் பேருந்தில் ஒரு பெண்மணி வந்தார். வீட்டுக்காரர் போனில் செய்தியைக் கேட்டாராம். போனில் பதில் சொன்னால் சரியாகச் சொல்ல வராது என்று நேரே வந்துவிட்டார். புத்தகத்தின் பெயர் தெரியவில்லை. கதையும் சிக்கலாகச் சொன்னார்: ஒரு பெரிய குடும்பம், ஒரு கிணறு, கடைசியில் யாரோ ஊரை விட்டுப் போவது. அப்படி எங்களிடம் இருபது புத்தகம் இருக்கும்.

"மொளகாப் பழம் காயப் போட்டுட்டு களத்துல காவலுக்கு ஒக்காந்து படிப்பேன்" என்றார். "ஒரு பக்கத்துல என் பெருவெரலு பதிஞ்சிருக்கும். செவப்பா."

பீரோ பீரோவாகத் திறந்துவிட்டோம். கணினியில் தேடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பக்கங்களின் கறையை மெஷினே வெளுத்துவிடும். அங்கே விரல் இருக்காது. அவர் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, நடுவில் விரித்து, மூக்கின் அருகே கொண்டுபோய், திரும்ப வைத்தார். ஒரு மணிக்கு அந்த அம்மாள் தன் சாப்பாட்டில் பாதியை அவருக்குக் கொடுத்தார். மூன்று மணி வாக்கில், ஐந்தாவது பீரோவில், அன்று அந்த அம்மாள் என்னிடம் நீட்டிய அதே நீலக் காலிகோப் புத்தகத்தில் அவர் கை நின்றது.

"இதான்."

விரல் பதிவு மங்கலாக, செம்மண் நிறத்தில், ஒரு பக்கத்தின் கீழ்மூலையில் இருந்தது. அவர் தன் பெருவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தார்.

"எத்தன தரம் எடுத்துருப்பீங்க?" என்று கேட்டேன்.

"எட்டு ஒம்பது தரம். ஒவ்வொரு வெள்ளாமைக்கும் ஒரு தரம். நீங்கதான சார் சீலு போடுவீங்க? தலைய நிமித்தவே மாட்டீங்க."

பிறகு அவரே கேட்டார். "வேற யாரும் இத எடுத்த மாதிரித் தெரியல. எல்லாச் சீலும் நாந்தான். அப்படின்னா இது படிச்ச புத்தகத்துல சேருமா, சேராதா?"

தாள்களை வெட்டாமல் இருந்திருந்தால் நான் ஒன்பது முத்திரையைப் பார்த்து, அது போதாது என்று சொல்லி லாரிக்கு ஒதுக்கியிருப்பேன். ஒரே ஆள் ஒன்பது முறை வந்தார் என்பது எந்தத் தாளிலும் இல்லை.

"சேரும்" என்று அந்த அம்மாள் சொன்னார். புத்தகம் இரண்டாவது பீரோவின் மேல்தட்டுக்குப் போனது.

"எடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"இப்ப என்னத்துக்கு? பங்குனியில வாரேன்." நாலரைப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

மார்கழி பிறப்பதற்கு முந்தின நாள் அண்ணாச்சி வந்தார். இரண்டு பீரோவும் நிரம்பியிருந்தன. மேலே தையல் கலை, அதன் பக்கத்தில் தத்துவம், ஒரு ஜோதிடம், மோட்டார், அழுகிற மூன்று பாகம். எந்த நூலகரும் அப்படி அடுக்கமாட்டார். நான் தேதித் தாள்களை வெட்டியதையும், சீல் பார்த்து எடுக்கவில்லை என்பதையும், அன்று முடிந்துவிடும் என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன்.

"தெரியும்வே" என்றார். "நானும் இங்க மெம்பருதான. எனக்கும் அந்த வாய்ஸ் வந்துச்சு."

அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"நீங்க ஒண்ணும் கேக்கலியே அண்ணாச்சி?"

"நான் கேட்டா, 'ஒங்களுக்கே ஆசையிருக்கே, மூணாவதா ஒரு பீரோ விடுங்க'ன்னு நிப்பீரு." அவர் முதல் பீரோவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எதையோ தேடுவது போலத்தான் இருந்தது. "ரெண்டுன்னா ரெண்டுதான். லாரிய வரச் சொல்லிட்டேன்."

அவரை நான் குறை சொல்லவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த இடம் தேவை. மறுநாள் காலை ஒன்பதரைக்கு லாரி வந்தது, பன்னிரண்டேகாலுக்குப் போனது. டைரியில் அந்த இரண்டு நேரத்தையும் எழுதினேன். வேறொன்றும் எழுதவில்லை. என் கைகள் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு கட்டின் முதுகையும் தடவிக் கொடுத்ததை அந்த அம்மாள் பார்த்தார். பார்க்காதது போலக் கயிறு முடிந்தார். நான்கு பெட்டித் தாள்களும் என் வீட்டில் இருக்கின்றன. வரலாறு எழுதத் தொடங்கவில்லை. தேதிகள் இருக்கின்றன, வந்தவர்களின் முகம் இல்லை.

தை முதல் நான் தடுப்புக்கு அந்தப் பக்கம். வாசலில் ஒரு சிறிய கருவி. பிள்ளைகள் விரலை வைத்துவிட்டு உள்ளே போவார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது தானாகவே பதிவாகிவிடும். விரல் காய்ந்து கருவி ஏற்காதபோது மட்டும் என்னிடம் வருவார்கள். நான் நிமிர்ந்து பார்க்கிறேன்; இப்போது வேண்டுமென்றே பார்க்கிறேன். இந்தப் பக்கத்து இரண்டு பீரோவுக்கு அந்த அம்மாள்தான் பொறுப்பு. ஒட்டுப்பலகைத் தடுப்பு, அவர் இருமினால் எனக்குக் கேட்கும்.

தை கடைசி வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் நின்றேன். எதையும் தொடவில்லை; சும்மா நின்றேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ஒங்களுக்கு எந்தப் புத்தகம் சார்?"

"நான் கேக்கலியே."

"அதான் கேக்கேன். ஊரு பூராம் கேட்டுச்சு, நீங்க ஒண்ணும் சொல்லலியே."

அப்போதுதான் தெரிந்தது, இருபத்தாறு வருடத்தில் ஒரு புத்தகத்தையும் நான் இரவல் எடுத்ததில்லை. எல்லாவற்றையும் மேசையிலேயே, ஒரு வாசகருக்கும் அடுத்த வாசகருக்கும் நடுவில், பத்துப் பக்கம் பதினைந்து பக்கமாகப் படித்துவிட்டு பீரோவில் வைத்துவிடுவேன். நான் உறுப்பினரே இல்லை. என் நான்கு பெட்டிகளில் எனக்கென்று ஒரு முத்திரைகூட இருந்திருக்காது.

"போன் நம்பர் சொல்லுங்க" என்றார். தட்டினார். பெயரைக் கேட்கவில்லை, 'லைப்ரரி சார்' என்றே தட்டியதைத் திரையில் பார்த்தேன். நான் மணியாச்சிக்காரரின் கப்பலை எடுத்தேன். அட்டையில் புதிதாக ஒட்டிய பார்கோடின் மேல் சிவப்பு வெளிச்சத்தைக் காட்டினார். என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. திரும்பத் தர வேண்டிய நாள் செய்தியாக வந்திருந்தது, மாசி இரண்டாவது வியாழன். என்னை ஒரு நாள் எதிர்பார்க்கிறது என்று யாரும் எனக்கு இதுவரை எழுதி அனுப்பியதில்லை. சாப்பாட்டு நேரம் முடியும்வரை அந்தச் செய்தியைத் திறந்து திறந்து பார்த்தேன்.

அந்த வியாழக்கிழமை காலையில் நினைவூட்டல் வந்தது. புத்தகம் என் பையில் இருந்தது. தடுப்புக்கு அப்பால், பீரோக்கள் பக்கம், அந்த அம்மாள் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பது கேட்டது. பத்து அடி நடந்தால் போதும். நான் போகவில்லை. ஆறு மணிக்கு அவர் பீரோவைப் பூட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை போனேன்.

"ஒரு நா லேட்டுன்னு காட்டுது" என்றார். நம்ப முடியாதவர் போல என்னைப் பார்த்தார். "ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லியா சார்?"

"முடிக்கல. கப்பல் இன்னும் கரைக்கு வரல."

"நாளக்கழிச்சு ஞாயித்துக்கிழம மணியாச்சிக்காரரு வாராரு. போன் பண்ணிச் சொல்லிருக்காரு. வந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

"அதுவரைக்கும் போடுங்க."

"ரெண்டு நாளைக்கெல்லாம் இதுல போட முடியாது. போட்டா பதினஞ்சு நாளுதான்." புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "வாயால சொல்லுதேன். ஞாயித்துக்கிழம, காலையில பத்து மணி. அவரு பாசஞ்சர்ல எறங்கி நடந்து வாறதுக்கு முன்னால இங்கன இருக்கணும். நீங்களே வந்து அவரு கையில குடுங்க."

சரி என்று தலையாட்டினேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் விரல் வைக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன்.